திரும்பி வந்தாலும் தாங்குமா?



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்க நாம் என்னவெல்லாம் செய்கிறோம்? குத்தூசி விட்டு எடுத்துப் பார்க்கிறோம். உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்க்கிறோம். நாலு மண்டியில் விலை விசாரிக்கிறோம். லாரி வாடகை யார் பொறுப்பு, இறக்குக் கூலி யார் பொறுப்பு, எத்தனை நாள் தவணை என்றெல்லாம் தெளிந்த பிறகுதான் "சரி, ஏற்றுங்கள்" என்கிறோம். அதே நாம்தான், பிள்ளையை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பும்போது, நாற்பது லட்சம், ஐம்பது லட்சம் ரூபாய் விவகாரத்தைக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வருகிறோம். படிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வியாபார மூளையைக் கடை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்.

வெளிநாடு அனுப்புவது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 1,97,000 பேர் மேற்படிப்பு மாணவர்கள். நம் கடைத்தெருப் பிள்ளைகளும் அதில் உண்டு. விடியற்காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கதவை இழுத்துப் பூட்டும் தகப்பன், தன் பிள்ளையாவது வேறு வாழ்க்கை வாழட்டும் என்று நினைப்பதில் என்ன குற்றம்? தாராளமாக அனுப்பலாம். ஆனால் எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் நம் பேச்சு. அந்தக் கணக்கில் பிழை வந்தால் பிள்ளையின் படிப்போடு கடையும் சேர்ந்து போய்விடும்.

தரகு யார் கொடுக்கிறார்?

நம் ஊர்களில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. "எங்களுக்கு நீங்கள் ஒரு பைசாவும் தர வேண்டாம், எல்லாம் இலவசம்" என்று பலர் விளம்பரம் செய்கிறார்கள். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் எச்சரிக்கையாவது நம் தொழில் பழக்கம். இங்கே மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா நாடுகளின் பல கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும், மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குக் கமிஷன் கொடுக்கின்றன. அமெரிக்காவிலும் சில கொடுக்கின்றன. இதில் சட்ட விரோதம் ஏதும் இல்லை. ஆனால் மில்காரரிடம் கமிஷன் வாங்கும் தரகர் எந்த மில் சரக்கைப் புகழ்வார் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரகு யார் கொடுக்கிறாரோ அவர் பக்கம்தான் தராசு சாயும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இப்படிக் கமிஷன் தருவதில்லை. அதனால்தான் பல ஆலோசனை நிலையங்களில் அவற்றின் பெயரே காதில் விழுவதில்லை. ஜெர்மனி என்று நாமாகக் கேட்டாலும், கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியின் படத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள்.

ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இந்தக் கல்லூரி உங்களுக்கு என்ன கொடுக்கிறது?" நேர்மையானவர் மறைக்காமல் சொல்லுவார். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறவரிடம் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

உண்மையில் விண்ணப்பம் என்பது நம் பிள்ளைகளே செய்துவிடக்கூடிய வேலை. பட்டப் படிப்பின் மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பேராசிரியர்கள் தரும் பரிந்துரைக் கடிதங்கள் இரண்டோ மூன்றோ, ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் நோக்கக் கட்டுரை, பாஸ்போர்ட் ஆகியவையே முக்கியம். ஜிஆர்இ தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் இப்போது கட்டாயமாக்குவதில்லை. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களுக்கு யூனி-அசிஸ்ட் என்ற ஒரே அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ கட்டணம். இத்துடன் இந்திய மாணவர்கள் ஏபிஎஸ் சான்றிதழும் வாங்க வேண்டும். 2022 நவம்பர் முதல் இது கட்டாயம். நோக்கக் கட்டுரையைப் பிள்ளைதான் எழுத வேண்டும். ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்குக் கொடுக்கும் நிலையங்கள் உண்டு. பல்கலைக்கழகம் கண்டுபிடித்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

போலிச் சரக்கு

கலப்படம் பருப்பில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2023-ஆம் ஆண்டில் கனடாவில் இருந்து வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பஞ்சாபிலிருந்து சென்ற மாணவர்கள் பலர், தங்கள் முகவர் வாங்கிக் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதமே போலி என்பதைப் பின்னாளில்தான் அறிந்தார்கள். அங்கேயே நிரந்தரமாகத் தங்க மனுச் செய்தபோது விஷயம் வெளிப்பட்டு, நாட்டை விட்டு வெளியேற்றப்படும் நிலைக்கு வந்தார்கள். ஏமாந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்ப்போம் என்று அந்நாட்டு அரசு அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவித்தது. ஆனாலும் அதுவரை அந்தப் பெற்றோர் பட்ட பாட்டை யார் ஈடு செய்வது?

அதற்கு முன், 2019 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்தது இன்னொரு பாடம். ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் ஒன்று மிச்சிகன் மாநிலத்தில் இயங்கியது. அங்கே வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை. பணத்தைக் கட்டினால் விசா நிலைக்கு வழி என்பதே அதன் கவர்ச்சி. உண்மையில் அது அந்நாட்டு அதிகாரிகளே விரித்த வலை. கைதான முதல் 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். ஆள் பிடித்துக் கொடுத்த எட்டுப் பேர் மீது தனி வழக்கு வந்தது. வகுப்புக்குப் போகாமலே பட்டம், விசா என்று யார் சொன்னாலும், அது எடைக்கல் இல்லாத தராசு என்று கொள்ள வேண்டும்.

இவற்றிலிருந்து தப்ப வழி எளிது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும், பல்கலைக்கழகத்தின் சொந்த இணைய முகவரியைப் பார்த்து அங்கேயே கடிதம் எழுதி, "இது உங்களுடையதுதானா?" என்று பிள்ளை கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கல்விக் கட்டணம் வங்கி மூலம் நேரே பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் முகவர் கையிலோ அவர் கணக்கிலோ கட்டணத்தைக் கொடுக்கக் கூடாது.

அடக்க விலை

சரக்கின் விலை வேறு, அடக்க விலை வேறு. கல்லூரி சொல்லும் கட்டணம் சரக்கின் விலை மட்டுமே. அதன் மேல் ஏறும் செலவுகளை நாம்தான் எழுதிப் பார்க்க வேண்டும். விண்ணப்பக் கட்டணங்கள், தேர்வுக் கட்டணங்கள், விசா, மருத்துவக் காப்பீடு, விமானம், தங்குமிட முன்பணம், மாதச் செலவு எல்லாம் சேர வேண்டும். அமெரிக்க மாணவர் விசாவுக்கு 185 டாலர் கட்டணமும், மாணவர் பதிவுக்கு 350 டாலரும் தனி. இங்கிலாந்தில் மாணவர் ஒருவருக்கு மருத்துவச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஆஸ்திரேலியா தன் மாணவர் விசாக் கட்டணத்தை 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆக்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் 2,000 ஆக்கியது. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒரு சிறு தொகைதான். ஆனால் இங்கேயும் விதிவிலக்கு உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் வெளிநாட்டு மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் மேற்படிப்புக்குப் பருவத்துக்கு 4,000 யூரோ முதல் 6,000 யூரோ வரை கட்டணம் வைத்துவிட்டது. கட்டணம் இல்லாத இடமாக இருந்தாலும், ஓர் ஆண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்னதாகவே கட்ட வேண்டும். அது நம் பணம்தான். மாதம் 992 யூரோ வீதம் பிள்ளைக்கே திரும்பி வரும். கனடாவும் இதே போன்ற காப்புத் தொகையை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆகவும், 2025 செப்டம்பரில் 22,895 ஆகவும் உயர்த்தியது.

இன்னொன்று, நாணய மாற்று. 2014-இல் ஒரு டாலர் ஏறக்குறைய 60 ரூபாய். 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. ஐம்பதாயிரம் டாலர் படிப்பு அன்று 30 லட்சம், இன்று 45 லட்சம். படிப்பு நடுவில் இருக்கும்போதும் ரூபாய் இறங்கலாம். ஆகவே போடுகிற கணக்கில் பத்துக்கு ஒன்று கூடுதலாக வைத்துத்தான் போட வேண்டும்.

கடனும் தவணையும்

கையில் ரொக்கம் வைத்திருக்கும் வணிகர்கள் குறைவு. பெரும்பாலோர் கடன்தான் வாங்குகிறோம். அரசு வங்கிகள் பெரிய தொகைக்குச் சொத்து ஈடு கேட்கும், வட்டி சற்றுக் குறைவு. ஈடு இல்லாமல் கொடுக்கும் தனியார் நிதி நிறுவனங்களில் வட்டி கூடுதல். படிப்பு முடிந்து சில மாதங்கள் வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். நாற்பது லட்சம் கடன், வட்டி நூற்றுக்குப் பத்து. இரண்டரை ஆண்டுகளில் வட்டி மட்டும் பத்து லட்சம் சேர்ந்து, கடன் ஐம்பது லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 66,000 ரூபாய். நூறு ரூபாய் விற்றால் ஐந்து ரூபாய் நிற்கிற மளிகைக் கடையில், இந்தத் தவணையைக் கட்டுவதற்கு மட்டும் மாதம் பதின்மூன்று லட்சத்துக்கு மேல் விற்றாக வேண்டும். வீட்டுச் செலவு அதற்கு அப்பால்.

"பிள்ளை அங்கே வேலை பார்த்து ஒரே ஆண்டில் அடைத்துவிடுவான்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். அடைத்தவர்கள் இருக்கிறார்கள், நமக்கும் தெரியும். ஆனால் அந்த வேலை நம் பிள்ளையின் திறமையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. அமெரிக்காவில் படித்து முடித்தவர் ஓர் ஆண்டு வேலை பார்க்கலாம். அறிவியல், பொறியியல் போன்ற பாடம் என்றால் மேலும் இரண்டு ஆண்டுகள். அதற்குப் பிறகு தொடர்வதற்குப் பெரும்பாலோர் நம்பியிருப்பது எச்-1பி விசா. ஆண்டுக்கு 85,000 என்பதே அதற்குப் பொது அளவு. அதில் 20,000 அந்நாட்டில் மேற்பட்டம் பெற்றவர்களுக்கு. கேட்பவர்கள் அதைவிட மிக அதிகம் என்பதால் குலுக்கல்தான். 2025 செப்டம்பரில், புதிய எச்-1பி மனுக்கள் பலவற்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அந்நாடு அறிவித்தது. இங்கிலாந்தில் படிப்பு முடித்து இரண்டு ஆண்டு தங்கி வேலை தேடலாம் என்ற விதி 2021-இல் வந்தது. 2027 ஜனவரி முதல் மனுச் செய்வோருக்கு அது பதினெட்டு மாதமாகக் குறைகிறது. இன்று போட்ட விதி நம் பிள்ளை படித்து முடிக்கும் நாளில் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே நாம் சொல்லும் சோதனை ஒன்றே ஒன்றுதான். பிள்ளை பட்டத்தோடு ஊர் திரும்பி வந்து, சென்னையிலோ பெங்களூரிலோ மாதம் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு வேலை பார்த்தால், இந்தக் கடன் தாங்குமா? நாற்பது லட்சம் தாங்காது. இருபது லட்சம் என்றால், வட்டியோடு இருபத்தைந்து லட்சமாகி, தவணை சுமார் 33,000 ரூபாய். பிள்ளை இருபதாயிரம், கடை பதின்மூன்றாயிரம் என்று சமாளித்துவிடலாம். தாங்கும் அளவுக்கு எந்த நாடு, எந்தப் படிப்பு கிடைக்கும் என்று தேடுவதே முறை. படிப்பை முடிவு செய்துவிட்டுப் பிறகு கடனை வளர்ப்பது தலைகீழ். வசதிக்குத் தக்க இடம் இந்த ஆண்டு கிடைக்காவிட்டால், பிள்ளை இரண்டு ஆண்டு உள்ளூரில் வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போகட்டும். அனுபவம் உள்ளவர்களுக்கென்றே சில உதவித்தொகைகளும் இருக்கின்றன. இங்கிலாந்தின் செவனிங், ஜெர்மனியின் டாட் அமைப்பு தரும் சில உதவித்தொகைகள் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கின்றன.

எந்த நிலையிலும் கடையை ஈடு வைக்கக் கூடாது என்பது நம் உறுதியான கருத்து. வீடு, மனை இருந்தால் யோசிக்கலாம். கடை என்பது தவணை கட்டப் பணம் கொடுக்கும் மாடு. மாட்டை அடகு வைத்துவிட்டுப் பாலில் வட்டி கட்டுகிறேன் என்பது நடக்காத காரியம். சரக்குக்குப் புரளும் முதலை எடுத்துக் கட்டணம் கட்டினால், மூன்றாம் மாதமே அலமாரி காலியாகும். அலமாரி காலியான கடைக்கு வாடிக்கையாளர் மறுபடி வருவதில்லை.

நம் பேரேடு பேச வேண்டும்

சற்றுக் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கல்விக் கடனுக்கு மனுச் செய்யும்போது வங்கி கேட்பது தகப்பனின் கடந்த சில ஆண்டு வருமான வரிக் கணக்கு. வரி மிச்சம் என்று ஆண்டுதோறும் வருமானத்தைக் குறைத்தே காட்டிவிட்டு, பிள்ளை படிப்பு என்றதும் நாற்பது லட்சம் கேட்டால் எந்த மேலாளர் கொடுப்பார்? கல்லாவில் எவ்வளவு புரண்டாலும் காகிதத்தில் இல்லாத வருமானம் வங்கிக்கு வருமானம் அல்ல. பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே நம் ஆடிட்டரிடம் இதைப் பேசிவிட வேண்டும். ஈடு வைக்கும் சொத்தின் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றில் பெயர்க் குறை, பாகப் பிரிவினைக் குறை இருந்தால் அதையும் முன்கூட்டியே சரி செய்ய வேண்டும்.

இதில் இன்னொரு ஆபத்து உண்டு. கணக்கில் பணம் இருப்பதாகக் காட்டுவதற்குச் சில முகவர்கள் வட்டிக்குப் பணம் போட்டுத் தருகிறோம் என்பார்கள். இங்கிலாந்து விசாவுக்குக் குறிப்பிட்ட தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 28 நாளுக்கு வாடகைப் பணம்! பொய்க் கணக்கு என்று பிடிபட்டால் விசா மறுப்போடு முடியாது. பத்து ஆண்டு வரை அந்த நாட்டுக்குள் நுழையத் தடை வரலாம். ஒரு மாத வாடகைக்காகப் பிள்ளையின் பத்து ஆண்டை எழுதிக் கொடுப்பது வியாபாரமா?

முறையாக வங்கியில் வாங்கினால் சலுகையும் உண்டு. கல்விக் கடனின் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரியில் கழிவு கிடைக்கும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே இது பொருந்தும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் பிடிக்கும் வரி, வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் கட்டணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் கிடையாது. கைமாற்று, சீட்டு, கந்து வட்டி எதற்கும் இந்தச் சலுகை இல்லை.

இன்னொரு சிறு செய்தி. மகன் என்றால் மனையை விற்கத் துணிகிற நாம், மகள் என்றால் "கல்யாணச் செலவு இருக்கிறதே" என்று தயங்குகிறோம். கணக்கு இருவருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பெண்ணுக்குத் தாங்குகிற கடனில் நல்ல இடம் கிடைத்தால், அதைவிட நல்ல முதலீடு வேறு இல்லை.

சங்கம் என்ன செய்யலாம்?

பிள்ளைகளின் படிப்புக்கு வணிகர்கள் கூடிக் கை கொடுப்பது நமக்குப் புதிதல்ல. விருதுநகரில் வணிகர்கள் கொடுத்த மகமையிலும், வீடுகளில் எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்ந்த சத்திரிய வித்யாசாலை 1889-இல் தொடங்கியது. காமராஜர் படித்த பள்ளி அது. பம்பாயில் வணிகராக வாழ்ந்த ஜம்ஷெட்ஜி டாடா 1892-இல் ஓர் அறக்கட்டளை வைத்தார். வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகும் இந்தியருக்குத் தானமாக அன்றி, சம்பாதித்துத் திருப்பித் தரும் கடனாக அது பணம் கொடுத்தது. கேரளத்தின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை கே.ஆர்.நாராயணன் டாடா உதவித்தொகையில்தான் 1945-இல் லண்டன் சென்று படித்தார். 1997-இல் நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். அந்த அறக்கட்டளை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நம் சங்கமும் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, ஆண்டுக்கு ஒரு நாள், ஆடிட்டர் ஒருவர், வங்கி அதிகாரி ஒருவர், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய நம் பிள்ளைகள் சிலர் ஆகியோரை உட்கார வைத்து உறுப்பினர் குடும்பங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் தொடங்கும் அமெரிக்கப் படிப்புக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே பல இடங்களில் விண்ணப்பம் முடிந்துவிடும். ஆகவே அந்த நாள் ஜூன், ஜூலையில் இருந்தால் நல்லது. இரண்டாவது, உறுப்பினர்கள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு ஒரு கல்விக் கடன் நிதி வைக்கலாம். முழுப் படிப்புக்கு அது போதாது. விண்ணப்பம், தேர்வு, விசா, விமானம் ஆகிய முதல் செலவுகளுக்குப் போதும். வேலைக்குப் போன பிள்ளை திருப்பிக் கட்டினால், அடுத்த பிள்ளைக்கு அது ஏணி. மே 5 வணிகர் தினத்தில் தீர்மானங்கள் பல போடுகிறோம். இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நம் வேண்டுகோள்.

நம்மில் பலருக்குப் பள்ளிப் படிப்புதான். பல்கலைக்கழகத்தின் பெருமை, பாடத்தின் தரம் இவை நமக்கு விளங்காமல் போகலாம். அதைப் பிள்ளையும் அவர்களின் பேராசிரியர்களும் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் வரவு, செலவு, வட்டி, தரகு, தவணை ஆகியவற்றில் நம்மை விட யாருக்குத் தெரியும்? அடுத்த முறை பிள்ளை பளபளப்பான ஒரு கல்லூரிப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், கோபப்படவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, திரும்பி வந்தாலும் தாங்குமா என்று இருவரும் சேர்ந்தே கணக்குப் போடுங்கள். கணக்குச் சரியாக வந்தால், மகிழ்ச்சியோடு வழியனுப்பி வையுங்கள்.